யாருடைய பிள்ளைகள்?
சதுரங்கப்பட்டினக் கரையும் இளமையில் மரிக்கும் குழந்தைகளின் மீட்பும்

குழந்தைப் பருவத்திலேயே மரிக்கும் பிள்ளைகளின் நித்திய நிலை யாது என்னும் வினா, இறையியல் நூல்களில் பெரும்பாலும் ஒரு சிறு பகுதியாகவே இடம்பெறுகிறது. தெரிந்துகொள்ளுதலைப் பற்றிய அதிகாரத்தின் இறுதியிலோ, திருமுழுக்கைப் பற்றிய அதிகாரத்தின் நடுவிலோ இரண்டொரு பக்கங்களில் அது முடிந்துவிடும். சபை ஊழியத்தில் அது அவ்வாறு முடிவதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ 5இல் ஒன்று முதலாண்டு நிறையுமுன் மரித்தது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் அவ்விறப்பு 1,000 பிறப்புகளுக்கு 13 ஆகக் குறைந்துள்ளது. நன்றியோடு நினைக்கத்தக்க மாற்றமே. எனினும் அந்தப் பதின்மூன்று தாய்மாருக்கும் வினா பழைய வினாவே.

அவ்வினாவின் வரலாறு முழுவதையும் இங்குக் கூற நாம் முற்படவில்லை. செங்கற்பட்டையும், அதன் கிழக்கே மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரையையும் நிலைக்களமாகக் கொண்டு, அங்கு வந்தமைந்த இரு சீர்திருத்தச் சபையாரின் கொள்கையை மட்டும் ஆராய்வோம். கடல் வழியாக வந்தோர் டச்சுக்காரர். அவர்கள் கொண்டுவந்தது டார்ட் சங்கத்தின் தீர்ப்புரைகள். உள்நாட்டில் செங்கற்பட்டில் தங்கியோர் ஸ்காத்லாந்தார். அவர்கள் கொண்டுவந்தது வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை. இவ்விரண்டிலும் இளமையில் மரிக்கும் குழந்தைகளைப் பற்றித் தனியே ஒரு கூற்று உண்டு. ஐரோப்பாவில் எழுதப்பட்ட அக்கூற்றுகள் இந்தக் கரையில் எந்தப் பிள்ளைகளைச் சந்தித்தன என்பதே நம் ஆய்வு. (பழைய ஆவணங்களில் வரும் செங்கற்பட்டு ஜில்லா, 2019இல் அமைந்த இன்றைய மாவட்டத்தினும் மிகப் பெரியது என்பதை மாணவர் நினைவிற் கொள்க.)

மேலைத் திருச்சபை இவ்வினாவை அகுஸ்தீன் வழியாகப் பெற்றது. பெலாகியுவோடு நிகழ்ந்த வாதத்தில் அவர் ஒன்றை உறுதியாகப் பற்றிக்கொண்டார். திருச்சபை பாவமன்னிப்புக்கென்று திருமுழுக்குக் கொடுக்கிறது, கைக்குழந்தைக்கும் கொடுக்கிறது, ஆகவே கைக்குழந்தைக்கும் மன்னிக்கப்படவேண்டிய பாவம் உண்டு. 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் இதையே நிலைநாட்டியது. இதன் மறுபுறத்தை அகுஸ்தீன் மறைக்கவில்லை. திருமுழுக்கின்றி மரித்த குழந்தை ஆக்கினைக்கு உட்பட்டதே என்றும், ஆயினும் அவ்வாக்கினை எல்லாவற்றிலும் மிக இலேசானது என்றும் எழுதினார். அந்த 'இலேசானது' என்னும் சொல்லில் ஒரு மேய்ப்பரின் தயக்கம் தெரிகிறது என்று நாம் கருதுகிறோம். கீழைத் திருச்சபையில் நிசாவின் கிரெகோரி இப்பொருளைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். நோயற்ற கண்ணுக்கு ஒளியைக் காண்பது எங்ஙனம் இயல்போ, அங்ஙனமே தீமையறியாத ஆன்மா இறைவனில் பங்குகொள்வதும் இயல்பு என்பது அவர் சிந்தனைப் போக்கு. மேற்கில் அவர் குரல் கேட்கப்படவில்லை. இடைக்கால அறிஞர் அகுஸ்தீனின் இலேசான ஆக்கினையை மேலும் இலேசாக்கி, துன்பமுமின்றி இறைக் காட்சியுமின்றி இருக்கும் 'லிம்போ' என்னும் நிலையை வகுத்தனர். குழந்தை உயிர் துறக்குமுன் எவரேனும் நீர் ஊற்றிவிடவேண்டும் என்னும் அவசரம் இதிலிருந்தே பிறந்தது.

இந்த அவசரத்தைக் கேலி செய்வது எளிது. தமிழ் மாணவர் இவ்விடத்தில் புறநானூற்றின் 74ஆம் பாட்டை எண்ணிப் பார்க்கலாம். சேரமான் கணைக்கால் இரும்பொறையின் அப்பாட்டு, இறந்து பிறந்த குழவியையும் வாளால் வடுப்படுத்தி அடக்கம் செய்யும் மறக்குடி வழக்கத்தைக் குறிக்கிறது. வாள் வேறு, நீர் வேறு. ஆயினும் இறந்த குழந்தை எந்தக் குடியைச் சார்ந்தது என்பதை ஒரு செயலினால் உறுதிப்படுத்திவிட வேண்டும் என்னும் ஏக்கம் இரண்டிலும் உண்டு.

இதே ஏக்கத்தோடு நம் கரையில் உழைத்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே ஊழியம் செய்தபோது, பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதையே தம் பணியின் நிச்சயமான பலனாக அவர் எண்ணினார். வளர்ந்தோரிடம் பயன் காணாது சோர்ந்த ஓர் உடன் ஊழியருக்கு, திருமுழுக்குப் பெற்று இளமையிலேயே மரிக்கும் பிள்ளைகளே இந்தியாவிலிருந்து மோட்சம் சேர்வோரிற் பெரும்பாலோர் என்று ஆறுதல் எழுதினார். அவரே ஜப்பான் சென்று திரும்பிய பின் 1552இல் எழுதிய கடிதத்தில், தம் மரித்த உறவினர்க்கு மீட்பில்லை என்று கேட்ட ஜப்பானிய விசுவாசிகள் அழுத அழுகையையும் பதிவு செய்தார். முதல் தலைமுறைத் திருச்சபை ஒவ்வொன்றிலும் இவ்வழுகை உண்டு. சவேரியார் அதை மறையாமல் எழுதியது அவர் நேர்மைக்குச் சான்று.

சீர்திருத்த காலத்தில் வழிகள் பிரிந்தன. லூதர் அவசரத் திருமுழுக்கை விலக்கவில்லை. 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையும் குழந்தைத் திருமுழுக்கின் இன்றியமையாமையை வற்புறுத்தியது. எனினும் 1542இல் லூதர், குறைப்பிரசவத்தாலும் கடும் பேற்றினாலும் குழந்தையை இழந்த தாய்மாருக்கென்று ஒரு சிறு நூல் எழுதினார். திருமுழுக்குக் கொடுக்க வாய்ப்பில்லாமற் போனபோது, விசுவாசியான தாயின் பெருமூச்சே தேவனால் ஜெபமாக ஏற்கப்படும் என்பது அதன் சாரம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூதரன் ஊழியம் இம்மரபைச் சார்ந்தது. கால்வின் வேறு வழி சென்றார். விசுவாசிகளின் பிள்ளைகள் பிறக்கும்போதே உடன்படிக்கைக்குள் பிறக்கின்றனர். திருமுழுக்கு அந்த உரிமையின் முத்திரையேயன்றி உரிமையை உண்டாக்குவதன்று. ஆகையால் மருத்துவச்சி ஓடிவந்து நீர் ஊற்றவேண்டிய தேவையில்லை என்றார். அவசரம் நீங்கியது. ஆனால் நீரிலிருந்த எல்லைக்கோடு இப்போது பெற்றோரிடம் சென்றது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இனி டார்ட் சங்கத்தைக் காண்போம். 1618 நவம்பரில் தொடங்கி 1619 மே வரை நடைபெற்ற அச்சங்கம், அர்மீனியரின் மறுப்புக்கு விடை கூறக் கூடியது. அர்மீனியர் சாட்டிய குற்றங்களுள் ஒன்று உள்ளத்தைத் தைப்பது: முன்தெரிவுக் கொள்கையின்படி விசுவாசிகளின் குற்றமற்ற சிசுக்கள் தாயின் மார்பிலிருந்து பறிக்கப்பட்டு நரகத்தில் எறியப்படுகின்றனர் என்பது. சங்கம் தன் முடிவுரையில் இதை அவதூறு என்று தள்ளியது. முதல் தலைப்பின் 17ஆம் பிரிவில், உடன்படிக்கையினால் பரிசுத்தராக எண்ணப்படும் பிள்ளைகளைத் தேவன் சிசுப்பருவத்தில் எடுத்துக்கொண்டால், பக்தியுள்ள பெற்றோர் அவர்களுடைய தெரிந்துகொள்ளுதலையும் மீட்பையும் பற்றி ஐயுறலாகாது என்று தீர்த்தது. அப்பிரிவில் திருமுழுக்கு என்னும் சொல்லே இல்லை. திருமுழுக்குப் பெற்ற பிள்ளை, பெறாத பிள்ளை என்னும் வேறுபாடு அங்கு இடம்பெறவில்லை. கால்வினிய முன்தெரிவுக் கொள்கையைக் கடுமையானது என்று மட்டும் கற்றிருப்போர் இதனை மீண்டும் வாசித்தல் நலம்.

இந்த ஆறுதல் சதுரங்கப்பட்டினம் போன்ற இடங்களில் நேரிடையாகப் பயன்பட்டிருத்தல் வேண்டும். மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்துள்ள இவ்வூரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வாணிகம் செய்தது. மெல்லிய துணிக்கும் செங்கல்லுக்கும் இவ்வூர் பெயர் பெற்றது. கரைக்கோட்டையின் மதிலுக்குள்ளேயே ஒரு கல்லறைத் தோட்டம் உள்ளது. டச்சு மொழி எழுத்துகளும் நுண்ணிய சிற்பவேலையும் அமைந்த 17, 18ஆம் நூற்றாண்டுக் கற்களை அங்கு இன்றும் காணலாம். கம்பெனியின் ஊழியத்தில் குருமார் சிலரே. அவர்கள் பழவேற்காடு, நாகப்பட்டினம் போன்ற பெரிய இடங்களில் இருந்தனர். சிறு நிலையங்களில் வேதம் வாசித்து ஜெபம் நடத்தியோர் 'நோயாளரைத் தேற்றுவோர்' எனப்பட்ட பொதுநிலை ஊழியர். அருட்சாதனங்களைக் கொடுக்க இவர்களுக்கு உரிமையில்லை. குரு வரும்வரை குழந்தை காத்திருக்கவேண்டும். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் காத்திருப்பதில்லை. திருமுழுக்கின்றி மரித்த பிள்ளையின் தகப்பனுக்கு, 17ஆம் பிரிவைக் கற்றறிந்த தேற்றுவோர் தயக்கமின்றிக் கூறத்தக்க ஒரு சொல் இருந்தது.

அந்தச் சொல் அந்த வீட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருந்ததா? இங்கேதான் நாம் நின்று நோக்கவேண்டும்.

டார்ட் சங்கம் முன்தெரிவைப் பற்றி மட்டும் பேசவில்லை. 1618 டிசம்பரில், அர்மீனியரின் வழக்கு எடுத்துக்கொள்ளப்படுமுன், கிழக்கிந்தியத் தீவுகளில் ஊழியம் செய்த ஹுல்செபோஸ் என்னும் குருவின் வினா ஒன்று அதன்முன் வைக்கப்பட்டது. கிறிஸ்தவர்களின் வீடுகளில் சேர்க்கப்பட்டு வளரும் புறமதத்தாரின் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாமா என்பதே அது. வீடுகளில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் என்றால் அடிமைப் பிள்ளைகளும் அதனுள் அடங்குவர். சங்கத்தாரின் கருத்து ஒன்றுபடவில்லை. ஆங்கிலேயப் பிரதிநிதிகள் கொடுக்கலாம் என்ற பக்கம் நின்றனர்; ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் வீட்டில் பிறந்தவர்களோடு பணத்திற்குக் கொள்ளப்பட்டவர்களும் விருத்தசேதனம் பெற்றனர் என்பது இப்பக்கத்தாரின் ஆதாரம். பெரும்பான்மையோரோ கொடுக்கலாகாது என்றனர். அப்பிள்ளைகள் வளர்ந்து, உபதேசம் பெற்று, தாமே அறிக்கை செய்தபின் கொடுக்கலாம் என்பது தீர்ப்பு. திருமுழுக்குப் பெற்ற அடிமையை மீண்டும் புறமதத்தாருக்கு விற்கலாகாது என்ற கருத்தும் அவ்விவாதத்தில் எழுந்தது.

இத்தீர்ப்புக்கு நியாயம் இல்லையென்று கூறமுடியாது. போர்ச்சுக்கீசியர் துறைமுகங்களில் அடிமைகளைக் கப்பலேற்றுமுன் கூட்டமாக நிறுத்தித் திருமுழுக்கு ஊற்றிய வழக்கம் ஐரோப்பா அறிந்தது. அறியாத பிள்ளையின் தலையில் எசமானின் விருப்பத்தால் நீர் ஊற்றுவதைச் சீர்திருத்தச் சபையார் வெறுத்தனர். ஆயினும் விளைவு வேறு. திருமுழுக்குப் பெற்றவனை விற்பது தடைப்படும் என்ற அச்சத்தால், எசமானர் தம் அடிமைகளுக்கு அதைக் கொடுக்கவே தயங்கினர் என்று நன்னம்பிக்கை முனையின் டச்சுக் குடியேற்றத்தைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் காட்டியுள்ளனர்.

சோழமண்டலக் கரைக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் தாக்கியபோது, தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட தமிழரை ஆயிரக்கணக்கில் டச்சுக் கம்பெனி வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவிற்கும் அனுப்பியது. இக்கரையின் அடிமை வாணிகம் பஞ்ச காலங்களில் பெருகுவதும் மழை பெய்தபின் சுருங்குவதுமாக இருந்தது. கப்பலில் ஏறிய பிள்ளைகளுள் எத்தனை பேர் கரை சேர்ந்தனர் என்பதற்குச் சதுரங்கப்பட்டினத்தில் கல் இல்லை.

இப்போது ஆதியாகமம் 17ஐத் திறந்து வைத்துக்கொள்வோம். பெற்றோர் ஐயுறலாகாது என்ற ஆறுதலுக்கு டார்ட் மரபு காட்டும் முதல் ஆதாரம் அதன் 7ஆம் வசனம்: ஆபிரகாமோடும் அவன் சந்ததியோடும் செய்யப்பட்ட நித்திய உடன்படிக்கை. பணத்திற்குக் கொள்ளப்பட்டவனும் விருத்தசேதனம் பெறவேண்டும் என்ற கட்டளை 12, 13ஆம் வசனங்களில் உள்ளது. ஒரே அதிகாரம், ஐந்து வசன இடைவெளி. ஒரே சங்கம், ஒரே குளிர்காலத்தையும் வசந்தத்தையும் கடந்து, 7ஆம் வசனத்தை முழு வலிமையோடு பற்றிக்கொண்டு, 12ஆம் வசனத்திற்கு அத்துணை வலிமை தரவில்லை. எசமானின் பிள்ளை திருமுழுக்கின்றி மரித்தால் ஐயமில்லை. அதே கூரையின்கீழ், அதே காய்ச்சலில், அடிமைத் தாயின் பிள்ளை மரித்தால் சங்கம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆக்கினை என்றும் அது சொல்லவில்லை, மௌனமாயிற்று. அந்த மௌனம் கேட்டறியவேண்டிய தாய் தமிழ் பேசியவளாயிருந்திருக்கலாம்.

டச்சுக்காரரின் காலம் இக்கரையில் முடிவுற்ற கதையை நீட்டவேண்டியதில்லை. 1781இல் ஆங்கிலேயர் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தனர். மீண்டும் டச்சுக்காரரிடம் சென்ற அவ்வூர், 1824இன் ஒப்பந்தத்தின் விளைவாக நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த தலைமுறையில் ஸ்காத்லாந்தார் வந்தனர். 1837இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளியின் கிளைகள் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் தோன்றின. 1843இல் ஸ்காத்லாந்துத் திருச்சபை பிளவுற்றபோது, ஆண்டர்சனும் உடன் ஊழியரும் சுயாதீனத் திருச்சபையைச் சார்ந்தனர். செங்கற்பட்டு அச்சபையின் ஊழிய நிலையமாயிற்று.

இவர்கள் கையிலிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை 1640களில் எழுதப்பட்டது. அதன் 10ஆம் அதிகாரத்தின் மூன்றாம் பிரிவு, சிசுப்பருவத்தில் மரிக்கும் தெரிந்துகொள்ளப்பட்ட குழந்தைகள் ஆவியானவராலே கிறிஸ்துவுக்குள் மறுபிறப்படைந்து மீட்கப்படுகின்றனர் என்று கூறுகிறது. உபதேசத்தினால் அழைக்கப்படக்கூடாத நிலையிலுள்ள மற்றத் தெரிந்துகொள்ளப்பட்டோருக்கும் அது அவ்வாறே பொருந்தும் என்கிறது. 'தெரிந்துகொள்ளப்பட்ட' என்னும் அடைமொழியே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் வாதத்திற்கு இடமாயிற்று. தெரிந்துகொள்ளப்படாத குழந்தைகளும் உண்டு என்று அது குறிப்பாய் உணர்த்துகிறது என்றனர் ஒரு சாரார். மரிக்கும் குழந்தைகள் அனைவரும் தெரிந்துகொள்ளப்பட்டவரே எனக் கொள்வதை அது தடுக்கவில்லை என்றனர் மற்றவர். அமெரிக்க இறையியலார் சார்லஸ் ஹாட்ஜ் போன்ற கட்டுறுதியான கால்வினியரே, ரோமர் 5ஆம் அதிகாரத்தின் அடிப்படையில், இளமையில் மரிக்கும் எல்லாக் குழந்தைகளும் மீட்கப்படுகின்றனர் என்று கற்பித்தனர் என்பது பலர் அறியாதது. தம் செயலின்றியே ஆதாமின் வீழ்ச்சியில் பங்குற்றோர், தம் செயலின்றியே கிறிஸ்துவின் நீதியிலும் பங்குறுவர் என்பது அவ்வாதத்தின் உயிர்நிலை. மீட்பு முழுவதும் கிருபையே என்பவருக்குக் குழந்தையின் இயலாமை தடையன்று என்று அவர்கள் கண்டனர்.

செங்கற்பட்டின் கிராமங்களில் இவ்வாதம் வேறு உருவம் கொண்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சத்தில் குழந்தைகளின் சாவு எண்ணுக்கடங்காதது. கத்தோலிக்க ஊழியரும் உபதேசியாரும் சாவுத்தருவாயிலிருந்த சிசுக்களுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதை அந்நூற்றாண்டு முழுவதும் பெரும் தொண்டாகச் செய்தனர். 1843இல் பிரான்சில் தொடங்கிய திருப்பாலர் சங்கம் இதற்குப் பொருளுதவி செய்தது. நம்மவர் இதனைச் சடங்காசாரம் என்று பழித்தனர். பழித்தவர்களிடம் மாற்று விடை இருந்ததா என்று கேட்பது நியாயமே. கத்தோலிக்கரின் விடை தவறாயினும், புறமதத் தாயின் பிள்ளையும் மீட்புக்குரியது என்ற பதைப்பு அதில் இருந்தது. உடன்படிக்கையைப் பற்றி மட்டும் பேசிய நாவில் அப்பதைப்பு எழவில்லை.

1880களிலும் 1890களிலும் செங்கற்பட்டில் ஊழியம் செய்த ஆதம் ஆண்ட்ரு, தாழ்த்தப்பட்ட மக்களின் நிலத்திற்காகவும் குடியிருப்புக்காகவும் உழைத்தவர். சிங்கப்பெருமாள்கோயிலுக்கு அருகிலுள்ள மெல்ரோசாபுரம் அவருடைய நினைவைத் தாங்கி நிற்கிறது. ஜில்லாவின் கலெக்டராயிருந்த ட்ரெமென்ஹீர், பறையர் நிலையைப் பற்றி 1891இல் எழுதிய அறிக்கையும், அதன்மேல் 1892 செப்டம்பர் 30இல் பிறந்த அரசாணையும், பின்னர் 'பஞ்சமி நிலம்' என்று பெயர் பெற்றதற்கு அடிப்படையாயின. அந்த ஆண்டுகளில் சபைக்குள் வந்தோர் பஞ்சத்தைக் கடந்தவர்கள். அவர்களுள் பிள்ளையைப் புதைக்காத தாய் அரிது. திருமுழுக்கு வகுப்பில் உடன்படிக்கையின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டவள், சுவிசேஷம் தன் சேரிக்கு வருமுன் புதைத்த பிள்ளையைப் பற்றிக் கேளாதிருத்தல் எங்ஙனம்? அவளுக்கு டார்ட் சங்கத்தின் 17ஆம் பிரிவு உதவாது. அப்பிள்ளை பிறந்து இறந்தபோது அவள் விசுவாசியல்லள்.

அரசாணை பிறந்த அதே 1892ஆம் ஆண்டில், ஸ்காத்லாந்தில் சுயாதீனத் திருச்சபையின் பொதுப்பேரவை ஒரு விளக்க அறிக்கைச் சட்டம் நிறைவேற்றியது. 1879இல் ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் சபை செய்ததைப் பின்பற்றியது அது. வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையைத் திருத்தாமலே, அதற்கு எப்பொருள் கொள்ளவேண்டியதில்லை என்று அது கூறியது. சிசுப்பருவத்தில் மரிக்கும் எவரும் கெட்டுப்போகின்றனர் என்று அவ்வறிக்கை கற்பிப்பதாகக் கொள்ளவேண்டியதில்லை. அருட்சாதனங்களும் சுவிசேஷமும் எட்டாத இடத்திலிருப்போர்மேல் தேவன் கிறிஸ்துவினிமித்தம், தம் ஆவியினாலே, தமக்கு நலமாய்த் தோன்றுகிறபடி இரக்கம் நீட்டமாட்டார் என்றும் கொள்ளவேண்டியதில்லை. மரிக்கும் குழந்தையும் சுவிசேஷம் எட்டாத மனிதனும் ஒரே கூற்றில் அருகருகே வைக்கப்பட்டது நம் கவனத்துக்குரியது. டார்ட் நகரில் இரண்டு அமர்வுகளில் பிரிந்து கிடந்த இரு வினாக்கள் இங்கு ஒன்றாயின. எடின்பரோவில் வாக்களித்தோர் செங்கற்பட்டை எண்ணினர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் அயல்நாடுகளில் ஊழியரையும் கல்லறைகளையும் உடைய ஒரு சபையே இவ்வாறு பேசும் நிலைக்கு வந்தது.

இதனை ஏற்காதோர் 1893இல் பிரிந்து சென்று தனிச்சபை அமைத்தனர். 1903இல் அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் சபை இன்னும் ஓரடி முன்சென்று, சிசுப்பருவத்தில் மரிப்போர் அனைவரும் கிருபையின் தெரிந்துகொள்ளுதலுக்குள் அடங்குவர் என்று அறிவித்தது. இவ்விரண்டில் 1892இன் அடக்கம் கொள்கை அறிக்கைக்கு ஏற்றது என்பது நம் கருத்து. திருமறை வெளிப்படையாகக் கூறாததை அது கூறவில்லை. ஆனால் குழிக்கருகில் நிற்கும் போதகர் அறிக்கை வாசிக்க நிற்பவரல்லர். ஆண்டவர் குழந்தைகளைத் தம்மிடம் அழைத்தபோது (மாற்கு 10:13–16) பெற்றோரின் விசுவாசத்தை விசாரித்ததாக எழுதப்படவில்லை. அங்கு அவர் 1903இன் துணிவோடு பேசலாம். உரோமைத் திருச்சபையும் 2007இல் வெளிவந்த அனைத்துலக இறையியல் குழுவின் ஆவணத்தில், லிம்போவை ஒரு பழைய இறையியல் கருத்தாகவே மதித்து, திருமுழுக்கின்றி மரித்த குழந்தைகளுக்காக நம்பிக்கை கொள்ள நல்ல காரணங்கள் உண்டு என்று கூறியது.

பிறவிப் பாவத்தை மறுத்துக் குழந்தையை மீட்பது மற்றொரு வழி. நன்மை தீமை அறியும் வயது வரை பொறுப்பில்லை என்று உபாகமம் 1:39ஐக் காட்டிப் பேசும் சபைகள் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் உள்ளன. இதன் எளிமை கவர்ச்சியுடையது. எனினும் இங்குக் குழந்தை கிறிஸ்துவினால் மீட்கப்படுவதில்லை, அவர் தேவையின்றியே தப்பிக்கிறது. அதற்கு எதிராகப் பிறவிப் பாவத்தைக் குழியருகே விளக்கப் புகுவாருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நம் மக்கள் செவியில் அது முன்வினையாகவே விழும். பிள்ளையின் சாவு யார் செய்த வினை என்று அண்டை வீட்டார் முன்னமே கேட்டிருப்பர். யோவான் 9:2இல் சீடர் கேட்டதும் அதுவே. ஆண்டவர் அவ்விசாரணையையே ஏற்கவில்லை.

1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபை வழியாகவும், 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை வழியாகவும் ஸ்காத்லாந்தாரின் சபைகள் ஆங்கிலிக்கச் சபைகளோடு ஒன்றாயின. அவ்விணைப்பில் இரு மரபுகள் சந்தித்தன. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்க ஜெபப்புத்தகம், திருமுழுக்குப் பெற்று, தாமாகப் பாவம் செய்யுமுன் மரிக்கும் குழந்தைகளின் மீட்பு நிச்சயம் என்று கூறியது. திருமுழுக்குப் பெறாது மரித்தோருக்கு அடக்க ஆராதனையைப் பயன்படுத்தலாகாது என்றும் விதித்தது. அவ்விதி நம் நினைவிலிருந்து இன்னும் முற்றும் மறையவில்லை. குழந்தை மரித்த வீட்டிற்குச் சென்றதும் ஞானஸ்நானம் ஆயிற்றா என்று முதலிற் கேட்கும் மூப்பரை நாம் அறிவோம். சிறு குழந்தைகளை எரியூட்டாமல் புதைப்பது இந்துக் குடும்பங்களிலும் வழக்கமாதலால், மண் கிடைப்பது அரிதன்று. எந்த மண், யார் ஜெபிப்பது என்பதே அங்குக் கேள்வி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை மாமல்லபுரம் முதல் கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களையும் தாக்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அதில் மிகுதி. அக்கரையில் அடக்கம் செய்யப்பட்ட குழந்தைகளுள் உடன்படிக்கைக்குள் பிறந்தோர் யார், புறம்பே பிறந்தோர் யார் என்று பிரித்துப் பார்க்க அவகாசமும் இல்லை, மனமும் இல்லை. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். பெத்லகேமில் ஏரோது கொன்ற ஆண் குழந்தைகளைத் திருச்சபை தொன்றுதொட்டு இரத்தசாட்சிகளாக நினைவுகூர்கிறது. அவர்கள் திருமுழுக்குப் பெற்றவரல்லர், கிறிஸ்துவை அறிந்தவரல்லர், அவர்களுடைய பெற்றோர் அவரை விசுவாசித்தனர் என்று மத்தேயு கூறவுமில்லை. அகுஸ்தீனும் அவர்களை மேன்மைப்படுத்தினார். கொள்கை வகுத்தோர் வைத்த எல்லைக்கோட்டுக்கு அப்பால், திருச்சபையின் நாட்காட்டி முன்னமே சென்றுவிட்டது.

அந்நாளின் வாசிப்பைப் பற்றி ஊழியருக்கு ஒரு குறிப்பு. மத்தேயு 2:18 எரேமியாவிலிருந்து எடுத்தாள்வது, தேற்றரவை ஏற்க மறுக்கும் ராகேலின் அழுகையை மட்டுமே. பிரசங்கிகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றனர். அந்நாளுக்குரிய பழைய ஏற்பாட்டு வாசிப்போ எரேமியா 31:15 முதல் 17 வரை தொடர்கிறது. பிள்ளைகள் சத்துருவின் தேசத்திலிருந்து தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவர் என்னும் வாக்கு அவ்விறுதி வசனங்களில் உள்ளது. எந்தப் பிள்ளைகள் என்று எரேமியா பிரித்துக் கூறவில்லை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய பிள்ளைகளுக்கும் எல்லை ஒன்று இருந்தது. மூன்று வசனங்களையும் வாசிக்கவேண்டும்.